கடவுள் என்ன, ஏறியதும் எட்டி உதைக்கும் ஏணியா?



'ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி. ஆறு கடந்தபின் நீ யாரோ நான் யாரோ' என்று நம் மூத்தோர் ஒரு பழமொழி சொல்லி வைத்தனர். மனிதன் மனிதனுக்குச் செய்யும் நன்றிகேட்டை இடித்துரைக்க எழுந்த பழமொழி அது. இன்று நம் கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றைப் பார்க்கும்போது, அதனைக் கடவுளுக்கும் பொருத்திக்கொண்டோமோ என்று கேட்கத் தோன்றுகிறது.

கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். நம்மைக் கடவுளிடமிருந்து பிரித்தது துன்பம் அன்று. துன்பம் வந்தபோதெல்லாம் நாம் தேவாலயத்தை நோக்கித்தான் ஓடினோம். வசதி வந்தது, வெற்றி வந்தது, ஓட்டம் நின்றுவிட்டது. இதுதான் உண்மை.

தேர்வுக்கு முன்னும் பின்னும்

எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் நாள்களில் நம் ஆலயங்களைப் பாருங்கள். சிறப்பு மன்றாட்டு, உபவாச செபம், எழுதுகோல்களுக்கும் ஆசி! ஆண்டு முழுவதும் தலைகாட்டாத பெற்றோர்கூட முன்வரிசையில் அமர்ந்திருப்பர். நல்லதுதான், யாரும் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால், தேர்வு முடிவு வெளிவந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை அதே ஆலயத்திற்குச் சென்று பாருங்கள். அந்த முன்வரிசை எங்கே போயிற்று?

லூக்கா நற்செய்தி 17-ஆம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளிகள் குணமடைகின்றனர். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவனே, அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேரும் இயேசுவைப் பழித்துப் பேசியதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவர்கள் அவரை மறுதலிக்கவும் இல்லை. வேண்டியது கிடைத்துவிட்டது, தம் வழியே போய்விட்டார்கள். அவ்வளவுதான்! கடவுளை மறப்பதற்கு நாத்திகம் பேச வேண்டிய தேவையே இல்லை. திரும்பி வராமல் இருந்தாலே போதும்.

இன்னொன்றும் நடக்கிறது. பிள்ளை நான்காம் படிவத்தில் கால்வைத்தவுடன் ஞாயிறு காலை தனியார் வகுப்புக்கு உரியதாகிவிடுகிறது. ஓய்வுநாள் பள்ளியும் மறைக்கல்வியும், 'தேர்வு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திவைக்கப்படுகின்றன. தேர்வு முடிந்ததும் மேற்கல்வி வருகிறது. பிறகு வேலை, வீடு, திருமணம் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. ஒத்திவைத்தது மட்டும் திரும்பி வருவதே இல்லை. இதிலிருந்து அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும் பாடம் என்ன? 'கடவுள் 'ஏ' வாங்கித் தருபவர். வாங்கித் தந்துவிட்டால் அவர் வேலை முடிந்தது' என்பதுதானே? இந்தப் பாடத்தை நாம் கரும்பலகையில் எழுதவில்லை. வாழ்ந்து காட்டியே கற்பித்துவிட்டோம்.

ஆற்றின் இக்கரையில் கேட்ட எச்சரிக்கை

உபாகமம் 8-ஆம் அதிகாரத்தை எத்தனை பேர் நிறுத்தி நிதானமாகப் படித்திருக்கிறோம்? நாற்பது ஆண்டுகள் பாலைநிலத்தில் அலைந்த மக்கள் யோர்தான் ஆற்றைக் கடக்கக் காத்திருக்கின்றனர். அவ்வதிகாரத்தில் மோசே அவர்களை எச்சரிப்பது எதைக் குறித்து? எதிரியின் வாளைக் குறித்தா? பஞ்சத்தைக் குறித்தா? இல்லை. நிறைந்த வயிற்றைக் குறித்து! நல்ல வீடுகளைக் கட்டிக் குடியேறும்போது, ஆடுமாடுகள் பெருகும்போது, வெள்ளியும் பொன்னும் சேரும்போது, உள்ளம் செருக்குற்றுக் கடவுளை மறந்துவிடாதீர்கள் என்கிறார்.

வீடு கட்டாதீர்கள் என்று மோசே சொல்லவில்லை. உண்டு நிறைவடையும்போது கடவுளைப் போற்றுங்கள் என்றுதான் சொல்கிறார். அவர் தடுப்பது செல்வத்தை அன்று, மறதியை. அம்மறதி எந்த வழியாக நுழைகிறது என்பதையும் அவர் காட்டுகிறார். எகிப்தின் அடிமைத்தனம், வறண்ட நிலத்தில் கிடைத்த தண்ணீர், பசிக்குக் கிடைத்த மன்னா ஆகியவற்றை முதலில் நெஞ்சம் கைவிடுகிறது. பின்னர், 'இவையெல்லாம் என் கைவலிமையால் வந்தவை' என்று அதே நெஞ்சம் கணக்கெழுதுகிறது. வந்த வழியை மறந்தவன் வழிநடத்தியவரையும் மறப்பான்.

'நாங்கள் ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்கிறோமே' என்று சிலர் மார்தட்டலாம். உசியா அரசனை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் நாளாகமம் 26-ஆம் அதிகாரம் அவன் கதையைக் கூறுகிறது. 16 வயதில் அரியணை ஏறி 52 ஆண்டுகள் ஆண்டவன். எருசலேமில் கோபுரங்கள் எழுப்பினான், பாலைநிலத்தில் கிணறுகள் வெட்டினான், படையைப் பெருக்கினான். கடவுளைத் தேடிய காலம்வரை வாழ்ந்தான். வலிமை பெற்றதும் செருக்குற்றான். எங்கே விழுந்தான் தெரியுமா? ஆலயத்திற்கு உள்ளேதான்! குருக்களுக்கே உரிய தூபங்காட்டும் பணியைத் தானே செய்யப் புகுந்து, தொழுநோயாளியாக வெளியேறினான். ஆலயத்திற்குப் போவது மட்டும் காப்பாற்றிவிடாது. வெற்றிபெற்றவன் ஆலயத்திலும் தனக்கே முதலிடம் தேடுவான். நம் சபைகளில் நாற்காலிக்கும் பதவிக்கும் நடக்கும் சண்டைகளை இங்கே நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஒன்றும் குறைவில்லை என்ற ஊர்

இன்றைய துருக்கி நாட்டின் தெனிசுலி நகருக்கு அருகே இடிபாடுகளாகக் கிடக்கிறது லவோதிக்கேயா. அக்காலத்தில் பணப்புழக்கத்திற்கும் கருநிற ஆட்டுமயிர்த் துணிக்கும் பேர்பெற்ற ஊர். கண்மருந்துக்கும் அவ்வட்டாரம் அறியப்பட்டிருந்தது. கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் சிதைந்தபோது, உரோமப் பேரரசின் உதவியின்றித் தன் சொந்தப் பொருளாலேயே அது மீண்டெழுந்ததாக வரலாற்றாசிரியர் தாசிட்டசு எழுதிவைத்துள்ளார். பெருமைதான், ஐயமில்லை.

ஆனால், அவ்வூர்ச் சபைக்கு வெளிப்படுத்தின விசேஷத்தின் மூன்றாம் அதிகாரம் அனுப்பும் மடலைப் பாருங்கள். தனக்கு ஒன்றும் குறைவில்லை என்று எண்ணிய அச்சபையை ஏழை என்றும் குருடு என்றும் ஆடையற்றது என்றும் அம்மடல் சாடுகிறது. எவற்றால் அவ்வூர் பெருமைப்பட்டதோ அவையே அதனிடம் இல்லையாம்! கதவுக்கு வெளியே நின்று கிறிஸ்து தட்டுகின்ற காட்சியும் அம்மடலில்தான் வருகிறது. அப்படத்தை நம்மில் பலர் வரவேற்பறையில் அழகாக மாட்டி வைத்திருக்கிறோம். அது வசதிமிக்க கிறித்தவர்களை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதை எத்தனை பேர் அறிவோம்? வீட்டில் எல்லாம் இருக்கிறது. அவர் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கிறார்.

இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டா. இந்நாட்டில் தமிழ்ச் சபைகளையும் கொண்டுள்ள மெதடிஸ்ட் திருச்சபைக்கு வித்திட்டவர் ஜான் வெசுலி. 1786-ஆம் ஆண்டில், தம் 83-ஆம் வயதில், தம் இயக்கத்தைப் பற்றிக் கவலையோடு எழுதினார். பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் வளர்க்கும். அவை செல்வத்தை வளர்க்கும். செல்வம் செருக்கையும் உலகப் பற்றையும் வளர்த்துப் பக்தியையே தின்றுவிடும். இதுதான் அவர் கண்ட சுழல். அதிலிருந்து தப்ப அவர் காட்டிய வழி, கொடுப்பது. இளமையில் ஆக்சுபோர்டில் இருந்தபோது அவருடைய ஆண்டு வருமானம் 30 பவுன்; 28 பவுனில் வாழ்ந்து மீதியைக் கொடுத்தார். வருமானம் 60, 90, 120 என்று உயர்ந்தபோதும் அதே 28 பவுனில் வாழ்ந்தார். நம் வருமானம் உயரும்போது எது உயர்கிறது? மகிழுந்தின் விலையா, காணிக்கையின் அளவா?

உழைப்பு மட்டும்தானா?

இனி நம் கதைக்கு வருவோம். நம்மில் பலருடைய தாத்தா பாட்டியர் இம்மண்ணின் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவினார்கள். லயத்து வீடுகளில் பிள்ளைகளை வளர்த்தார்கள். தோட்டத்துச் சிற்றாலயத்தில் முழந்தாளிட்டு அழுதார்கள். பின்னர்த் தோட்டங்கள் செம்பனைக் காடுகளாயின, வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் நகரத்திற்குப் பெயர்ந்தனர். பிள்ளைகள் படித்தனர், பேரப்பிள்ளைகள் மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் பொறியியலாளர்களாகவும் உயர்ந்தனர். மகிழ்ச்சி!

ஆனால், அந்தப் பேரப்பிள்ளை இன்று, 'எல்லாம் என் உழைப்பால் வந்தது' என்கிறார். நான் ஒன்று கேட்கிறேன். உழைப்பு ஒன்றே மனிதனை உயர்த்தும் என்றால், இருட்டில் எழுந்து மரத்துக்கு மரம் நடந்த அந்தப் பாட்டியல்லவா கோடீசுவரியாகி இருக்க வேண்டும்? அவரைவிடவா நீங்கள் உழைத்துவிட்டீர்கள்? அவர் உழைப்பை அவர் அறுவடை செய்யவில்லை, நீங்கள் செய்கிறீர்கள். இடையில் எத்தனை பேருடைய கைகள்! எத்தனை ஆசிரியர்களின் பொறுமை! அனைத்திற்கும் மேலாக ஒருவரின் அருள்! இதையெல்லாம் அழித்துவிட்டு 'என் உழைப்பு' என்று எழுதுவது கணக்கே அன்று, மோசடி.

'அப்படியானால் மீண்டும் லயத்துக்கே போகச் சொல்கிறீர்களா?' என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. வறுமை புனிதமானதன்று. வறுமையும் குடியும் சேர்ந்து தோட்டங்களில் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தன என்பதை நாம் அறிவோம். நீதிமொழிகள் 30-ஆம் அதிகாரத்தில் ஆகூர் என்பவர், வறுமையும் வேண்டா, செல்வமும் வேண்டா, அன்றாட உணவு போதும் என்று வேண்டுகிறார். வறுமை திருடத் தூண்டும், நிறைவு கடவுளை மறுக்கத் தூண்டும் என்று இரண்டுக்கும் அஞ்சியவர் அவர். நாமோ முதலாவதற்கு மட்டுமே அஞ்சுகிறோம். 'கடவுளே, எனக்கு அளவுக்கு மிஞ்சித் தந்துவிடாதீர்' என்று நம்மில் எவரேனும் செபித்ததுண்டா?

வேறு சிலரோ, வசதியையே கடவுளின் தயவுக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். சாட்சி கூறும் நேரம் வந்தால் புது வீடும் புது மகிழுந்தும் பதவி உயர்வும்தான் வரிசையாக வருகின்றன. அடுத்த இருக்கையில் வேலையிழந்தவர் தலைகுனிந்து அமர்ந்திருப்பாரே, அவரைக் கடவுள் கைவிட்டுவிட்டாரா? தலைசாய்க்க இடமில்லாதிருந்த இயேசு இத்தகைய கூட்டத்தில் எழுந்து எந்தச் சாட்சியைச் சொல்வார்?

என்ன செய்யலாம்?

உபாகமம் 26-ஆம் அதிகாரம் ஒரு வழி காட்டுகிறது. அறுவடையின் முதற்பலனைக் கூடையில் சுமந்து வருபவன் அதைச் சும்மா வைத்துவிட்டுப் போக முடியாது. தன் முன்னோன் அலைந்து திரிந்தவன், தன் இனம் எகிப்தில் அடிமைப்பட்டிருந்தது, கடவுள் மீட்டார் என்ற வரலாற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்விளைச்சலை வீட்டாரோடு மட்டுமன்றி, அந்நியனோடும் சேர்ந்து மகிழ வேண்டும். கொடுப்பதும் நினைவுகூர்வதும் அங்கே ஒரே வழிபாடு.

நாமும் தொடங்கலாம்.

1. தேர்வு முடிவு எத்தகையதாக இருந்தாலும், விருந்துக்கு முன் குடும்பத்தோடு நன்றி செலுத்துங்கள்.

2. ஞாயிறு காலையைத் தனியார் வகுப்புக்கு விற்றுவிடாதீர்கள்.

3. பிள்ளையின் முதல் சம்பளத்தில் ஒரு பங்கு, வசதியற்ற மாணவர் ஒருவரின் பேருந்துக் கட்டணத்திற்கோ வகுப்புக் கட்டணத்திற்கோ போகட்டும். அம்மாணவர் எச்சமயத்தவராகவும் இருக்கலாம்.

4. ஆசிரியர்களே, தமிழ்ப்பள்ளியில் சமயம் பரப்புவது நம் வேலையன்று. ஆனால், நன்றியுணர்வு எல்லாச் சமயத்தார்க்கும் பொது. தாத்தா பாட்டியைக் கேட்டறிந்து குடும்ப வரலாற்றைக் கட்டுரையாக எழுதி வரும்படி மாணவர்களைப் பணியுங்கள். தம் வேரை அறிந்த பிள்ளைக்குச் செருக்கு எளிதில் வராது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இன்றிரவு உணவு மேசையில் உங்கள் பிள்ளையைக் கேளுங்கள்: 'தாத்தா எங்கே வேலை செய்தார்? பாட்டி எதற்காகச் செபித்தார்?' பதில் தெரியாமல் பிள்ளை விழித்தால், அதன்மீது சினம் கொள்ளாதீர்கள். சொல்லித் தராதவர்கள் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். பிறகு தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சொல்லத் தொடங்குங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியன்