துணி போட்டு மூடுங்க சார்!

மாதம் 28,000 ரூபாய் சம்பளம் வாங்கும் 24 வயதுப் பையன், 62,000 ரூபாய்க்கு ஒரு கறுப்புப் பெட்டி வாங்கப் போகிறேன் என்று உங்களிடம் வந்து சொன்னால் என்ன செய்வீர்கள்? பெட்டிக்குள்ள என்னப்பா இருக்கு என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

"ஹெட்போன் ஆம்ப் சார்" என்றான்.

எங்கள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கிற தம்பி. நல்ல ரசனைக்காரன். போன வருடம்தான் காசு சேர்த்து, செகண்ட் ஹேண்டில் சென்ஹைசர் ஹெச்.டி. 650 ஹெட்போன் ஒன்று வாங்கியிருந்தான். 2003-ல் வந்த மாடல். இன்றைக்கும் மதிப்பு குறையாத சரக்கு.

"அதுலதான் பாட்டு நல்லா கேக்குதே?"

"கேக்குது சார். ஆனா முழுசா கேக்கலையாம்."

அந்த 'யாம்' இருக்கிறதே, அதுதான் என்னை உறுத்தியது. காது அவனுடையது. ஹெட்போன் அவனுடையது. பாட்டு முழுதாகக் கேட்கவில்லை என்று சொன்னது மட்டும் வேறு யாரோ!

"யாருப்பா சொன்னது?"

"மீட்ல சொன்னாங்க சார். 300 ஓம் ஹெட்போனை வெறும் லேப்டாப்ல சொருகினா பாவமாம். 12 மாசம் இ.எம்.ஐ. மாசம் 5,167 ரூபாதான் சார்."

நான் பி.காம். படித்தவன். 'தான்' போட்டு யாராவது தவணைத்தொகை சொன்னால் என் வயிற்றில் புளி கரையும். "ஒரு வாரம் பொறு. அந்த மீட்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போ" என்றேன்.

போனேன். அண்ணா நகரில் ஒரு அன்பர் வீட்டு ஹால். பதினோரு பேர். வங்கி அதிகாரி, பல் டாக்டர், சாஃப்ட்வேர் இளைஞர்கள் மூன்று பேர், ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர் ஒருவர். சாப்பாட்டு மேஜை முழுக்க ஹெட்போன்கள், ஆம்ப்ளிஃபயர்கள், பாம்புக் குட்டிகள் மாதிரி கேபிள்கள். மேஜை நிரம்பிவிட்டதால் தயிர் சாதம் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருந்தது.

கிண்டல் செய்யலாம் என்று போனவன் முதல் ஒரு மணி நேரம் வாயடைத்துப் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவ்வளவு பிரியமான மனிதர்கள். லட்ச ரூபாய் ஹெட்போனை முன்பின் தெரியாத என் தலையில் மாட்டி, 'ஹே ராம்' படத்துக்காக இளையராஜா புடாபெஸ்ட் இசைக்குழுவை வைத்துப் பதிவு செய்த இசையைப் போட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் பல் டாக்டர். தன் சமையலைப் பிறர் சாப்பிடும்போது அம்மாக்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

1979-ல் சோனி முதல் வாக்மேனை வெளியிட்டபோது அதில் ஹெட்போன் சொருக இரண்டு துளைகள் வைத்தது, தெரியுமா? ஒருத்தர் தனியாகக் காதை மூடிக்கொண்டு கேட்பது மரியாதையில்லை என்று அதன் தலைவர் அகியோ மோரிட்டா நினைத்தாராம். பிறகு வந்த மாடல்களில் இரண்டாவது துளை காணாமல் போனது. அந்த இரண்டாவது துளையைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்று தோன்றியது.

ரயில்வேக்காரர் ஒரு பெப்பர்மின்ட் டப்பாவைக் காட்டினார். உள்ளே 9 வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன ஐ.சி., நாலைந்து கெப்பாசிட்டர். சூ மோய் என்பவர் 1990-களின் இறுதியில் எல்லோருக்கும் கொடுத்த சர்க்யூட்டைப் பார்த்து, ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாமான் வாங்கி, தானே பற்றவைத்த ஆம்ப்ளிஃபயர். அதை எப்படிச் செய்வது என்று இரண்டு பையன்களுக்கு மணிக்கணக்கில், பைசா வாங்காமல் சொல்லிக்கொடுத்தார்.

இதுவரை எல்லாம் சுகம். இனிதான் என் சண்டை.

மதியத்துக்கு மேல் பேச்சு மாறியது. "இந்த ஆம்ப்ல கேட்டா பாட்டுக்கு முன்னாடி இருந்த திரை விலகுது" என்றார் ஒருவர். "ஒலிக்கு நடுவுல இருக்கிற இருட்டு இன்னும் கறுப்பாகுது" என்றார் இன்னொருவர். "அது எவ்வளவு?" என்று கேட்டேன். எவ்வளவு விலகுகிறது என்ற அர்த்தத்தில்தான் கேட்டேன். அவர் விலையைச் சொன்னார்.

அங்கேதான் சார் கோளாறு. அறிவைப் பகிர்கிற கூட்டம் எந்த நிமிடத்தில் விலைப்பட்டியலை ஒப்பிக்கிற கூட்டமாக மாறியது என்று அங்கிருந்த யாருக்குமே தெரியவில்லை. கடைக்காரர் யாரும் வரவில்லை. வரவே தேவையில்லை! சம்பளமில்லாத பதினோரு சேல்ஸ்மேன்கள் உட்கார்ந்திருக்கும்போது அவர் எதற்கு?

கொஞ்சம் கணக்குப் போடுவோமா? தம்பியின் ஹெட்போனுக்கு 300 ஓம் மின்தடை. அதற்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் சத்தம் வரும் என்று தயாரிப்பாளரே அச்சடித்துத் தருகிறார். வோல்ட்டின் வர்க்கத்தை 300 ஓமால் வகுத்தால் சுமார் 3.3 மில்லிவாட். ஒரு வாட்டில் முந்நூறில் ஒரு பங்கு! 103 டெசிபல் என்றால் பக்கத்தில் நின்று யாராவது அலறினால் எப்படி இருக்குமோ, அப்படி.

இந்த 1 வோல்ட்டை யார் தருவார்கள்? 2016-ல் ஐபோன் 7-ல் இருந்து ஹெட்போன் துளையை எடுத்தது ஆப்பிள். அதற்குப் பதிலாகச் சொருகிக்கொள்ள விரல் நீள ஒயர் ஒன்றை விற்கிறது. அமெரிக்காவில் அதன் விலை 9 டாலர். டிஜிட்டலை ஒலியாக்கும் சில்லும் குட்டி ஆம்ப்ளிஃபயரும் அந்த ஒயருக்குள்ளேயே இருக்கின்றன. அமெரிக்காவில் விற்கும் யு.எஸ்.பி.-சி ரகம் 1 வோல்ட் தருகிறது. சாஃப்ட்வேர் இளைஞர் ஒருவரிடம், அங்கிருந்து அக்கா வாங்கி வந்த ஒயர் இருந்தது.

"போட்டி வைப்போமா?" என்றேன்.

அந்த 62,000 ரூபாய்ப் பெட்டியும் மேஜையில் இருந்தது. எதிலிருந்து பாட்டு வருகிறது என்று கேட்பவருக்குத் தெரியக்கூடாது. "துணி போட்டு மூடுங்க சார்" என்றேன். ஹாலில் ஒரு விநாடி அமைதி. பூஜை அறைக்குள் செருப்புடன் நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ரயில்வேக்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே மல்டிமீட்டரை எடுத்து வந்தார்.

மல்டிமீட்டர் எதற்கு? சத்தம் துளி கூடினாலும் மனிதக் காது அதைச் 'சத்தம் அதிகம்' என்று சொல்லாது. 'தரம் அதிகம்' என்று சொல்லும். வியாபாரத்தின் ஆதி ரகசியம் இது. அதனால் இரண்டு கருவிகளிலும் ஒரே சீரான ஒலியை ஓடவிட்டு, வோல்ட்டேஜ் ஒரு சதவிகிதத்துக்குமேல் வித்தியாசப்படாமல் சமன் செய்தார். பிறகு காசு சுண்டி, பூ விழுந்தால் பெட்டி, தலை விழுந்தால் ஒயர். பத்து முறை. கேட்பவர் முதுகைக் காட்டி உட்கார வேண்டும்.

பெட்டியின் சொந்தக்காரர் பத்துக்கு ஆறு சரியாகச் சொன்னார். தம்பி ஐந்து. நான் நாலு.

காசு சுண்டிக் குத்துமதிப்பாகச் சொன்னாலே பத்துக்கு ஐந்து வரும். குருட்டாம்போக்கில் ஒன்பதோ அதற்கு மேலோ வர நூற்றில் ஒரு வாய்ப்புதான். அதனால் ஒன்பது எடுத்தால் காலில் விழுகிறேன் என்று சொல்லியிருந்தேன். விழ வேண்டி வரவில்லை.

ஒரு ஹாலில் மூன்று பேர் கேட்டது ஆராய்ச்சியா என்பீர்கள். இல்லைதான். ஆராய்ச்சி செய்தவர்களையே கூப்பிடுகிறேன். 1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர், ஹார்மன் நிறுவனத்தில் ஸ்பீக்கர்களைக் கண்ணுக்குக் காட்டியும் மறைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரிந்தபோது பெரிய, அழகான பெட்டிகளுக்கு மார்க் கூடியது. சின்ன, மலிவான பெட்டிக்குக் குறைந்தது. மறைத்ததும் நிலைமை மாறிப்போனது.

2007-ல் மேயர், மோரன் என்ற இருவர், உயர்தரப் பதிவையும், அதையே சாதா சி.டி. தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். 554 முயற்சிகள். சரியான பதில் 276. பாதிகூட இல்லை! 2017-ல் ஜெரோன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, விலைக்கும் அது ஒலியை எப்படித் தருகிறது என்பதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார். தொடர்பு இல்லை என்று முடித்தார்.

பல் டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் காசு, என் சந்தோஷம். உங்களுக்கு என்ன சார் வந்தது?" என்றார்.

நியாயமான கேள்வி. உங்கள் காசுதான். பட்டுப்புடவையையும் பாட்டி காலத்து வெள்ளிக் கூஜாவையும் எந்த மீட்டரால் அளக்க முடியும்? அந்தக் கறுப்புப் பெட்டியின் உலோகக் குமிழைத் திருப்பும்போது விரலுக்குக் கிடைக்கிற சுகத்துக்கு 62,000 கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள், கைதட்டுகிறேன். ஆனால் 24 வயதுப் பையனிடம் "உனக்குப் பாட்டு முழுசா கேக்கலை" என்று சொல்லும்போது அது உங்கள் சந்தோஷம் அல்ல. அவன் கடன். அவன் காதின் மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இ.எம்.ஐ.யை வைக்கிறீர்கள்.

ஆம்ப்ளிஃபயரே தண்டம் என்று நான் சொல்லவில்லை. தேவைப்படுகிற ஹெட்போன்கள் உண்டு. ஹைஃபைமேன் ஹெச்.இ.-6 என்று ஒன்று. அதே 103 டெசிபலுக்கு அது கிட்டத்தட்ட 90 மில்லிவாட் கேட்கும். தம்பியின் ஹெட்போனைப் போல 27 மடங்கு. அதற்கு நல்ல ஆம்ப் வேண்டும்தான். மிக மெதுவாகப் பதிவான சிம்பொனி கேட்பவருக்கும் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டியிருக்கலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. என் ஹெட்போனுக்கு எத்தனை வோல்ட் தேவை? என்னிடம் இருக்கும் கருவி அதைத் தருமா? அதன் வெளியீட்டு மின்தடை, ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் எண்களில் வரும். 'திரை விலகுது' என்பது எண் அல்ல.

போதுமான பலம் தர பெரிய தொகையும் தேவையில்லை. 2011-ல் பெயர் சொல்லாத ஒரு பொறியாளர், 'ஆப்ஜெக்டிவ் 2' என்ற ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரின் முழு வரைபடத்தையும் அளவீடுகளோடு ஊருக்கே இலவசமாகக் கொடுத்தார். அடுத்த வருடம் காணாமல் போனார். இன்றுவரை அவர் யார் என்று வெளியே வரவில்லை. ஒரு பொழுதுபோக்குக்குத் தொண்டு செய்வது என்றால் அதுதான்.

கடைசியாக, எல்லோரும் மறந்துவிடுகிற ஒரு கருவி. காது. அன்று மாலை விளையாட்டாக, மேல் ஸ்தாயி ஒலிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். தம்பிக்கு 17,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டது. நாற்பதைத் தாண்டிய எனக்கு 13,000-லேயே கடை மூடிவிட்டது. வங்கி அதிகாரிக்கு 11,000. அவர் வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபயரின் அட்டைப் பெட்டியில் 1,00,000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கிறது. வௌவாலுக்குத்தான் வாங்கினாரோ என்னவோ!

வயதானால் குறைவது இயற்கை. நாமே குறைத்துக்கொள்வது? வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். 100-ஐத் தொட்டால் அரை மணிகூடக் கிடையாது. உள்காதில் போன நுண்மயிர்ச் செல்கள் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. அதற்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது. 'இன்னும் பவர் வேணும்' என்று இளைஞனைத் தூண்டுகிறவர்கள் இந்த ஒரு வரியையாவது கூடவே சொல்லக் கூடாதா?

ஹெட்போன் அன்பர்களே, கூடுங்கள். பாட்டைப் பகிருங்கள். சாலிடரிங் அயர்னைப் பையன்கள் கையில் கொடுங்கள். ஆனால் அடுத்த கூட்டத்தில் பெட்டிகள்மேல் ஒரு வேட்டியைப் போடுங்கள். ஒலி அளவைச் சமன் செய்யுங்கள். பத்து முறை கேட்டு, விடையைத் தாளில் எழுதுங்கள். விலையைக் கடைசியில் சொல்லுங்கள். உங்கள் பெட்டி ஜெயித்தால் இதே பக்கத்தில் மன்னிப்பு எழுதுகிறேன்.

திரும்பி வரும்போது பைக்கில் தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. திருமங்கலம் சிக்னலில் நின்றபோது சொன்னான்.

"சார், நேத்து வரைக்கும் என் ஹெட்போன்ல ஏதோ குறையுற மாதிரியே இருந்துச்சு. இப்ப இல்ல."

62,000 ரூபாய் மிச்சம் என்பது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.