ஐந்து புள்ளிக்காக ஒரு பட்டமா?

"எந்தக் கோர்ஸ் படித்தால் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைக்கும்?" ஆஸ்திரேலியா என்று பேச்செடுத்ததும் மாணவரோ அவருடைய அப்பாவோ கல்வி ஆலோசகர்களான நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேட்பதில் தவறே இல்லை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கும் குடும்பம் வேறெதைக் கேட்கும்? நாம் சொல்லும் பதில்தான் கவலை தருகிறது. ஒரு படிப்பின் பெயரைச் சொல்லி, "இதில் சேர்ந்தால் பி.ஆர். நிச்சயம்" என்று முடித்துவிடுகிறோம்.

பி.ஆர். விசாவுக்கான புள்ளிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விண்ணப்ப வரிசையில் நிற்கவே 65 வேண்டும். அழைப்பு வர பல துறைகளில் அதற்கும் மேல். 25 முதல் 32 வயதுக்குள் இருந்தால் வயதுக்கே 30. பட்டத்துக்கு 15. இங்கே வாங்கிய பி.இ. ஏற்கப்பட்டாலே அந்த 15 வந்துவிடும். அங்கே போய் முதுநிலை முடித்தாலும் அதே 15தான். ஆஸ்திரேலியாவில் இரண்டு கல்வியாண்டு படித்ததற்குக் கூடுதலாக 5, அரசு 'ரீஜனல்' என்று வரையறுத்த பகுதியில் படித்திருந்தால் இன்னொரு 5. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் 7 எடுத்தவருக்கு 10 புள்ளி, 8 எடுத்தவருக்கு 20. அதாவது லட்சக்கணக்கில் செலவழித்து ரீஜனலில் படித்துப் பெறும் பத்துப் புள்ளியை, ஆங்கிலத்தில் ஒரு படி ஏறியும் பெறலாம். இதை எத்தனை பெற்றோருக்கு எடுத்துச் சொல்கிறோம்?

ஆஸ்திரேலியப் படிப்பால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. படித்து முடித்தவர் அங்கே தற்காலிகமாகத் தங்கி வேலை பார்க்க உதவும் 485 விசாவும், அதில் கிடைக்கும் உள்ளூர் வேலை அனுபவமும் படிப்பின் வழியாகத்தான் வருகின்றன. ஆனால் 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலோருக்கு அந்த விசாவின் வயது வரம்பு 50இலிருந்து 35 ஆகிவிட்டது. 34 வயதில் இரண்டு வருட முதுநிலையில் சேர்பவர் படிப்பை முடிக்கும்போது பெரும்பாலும் வரம்பைத் தாண்டியிருப்பார். சேரும் வயதைப் பார்த்தால் போதாது, முடிக்கும் வயதைப் பார்க்க வேண்டும்.

பட்டியலை நம்பிப் படிப்பைத் தேர்ந்தவர்கள் பட்ட பாடு நம் துறையில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சமையலும் சிகையலங்காரமும் தேவைத் தொழில் பட்டியலில் இருந்த காலத்தில், அந்தத் தொழிலில் துளியும் ஆர்வமில்லாத பிள்ளைகள் தனியார் கல்லூரிகளில் குவிந்தார்கள். 2010 பிப்ரவரி 8 அன்று அரசு அந்தப் பட்டியலையே ரத்து செய்தது. பலர் பாதிப் படிப்பில் இருந்தார்கள். கையில் எஞ்சியது விருப்பமில்லாத ஒரு சான்றிதழும் கடனும். பட்டியல் ஒரே நாளில் மாறும், படிப்பு இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். ஆகவே பி.ஆர். வராமல் போனாலும் இந்தப் பட்டம் இவருக்குச் சோறு போடுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. உதாரணமாக, செவிலியர் படிப்பைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம், நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள மனமுள்ளவருக்கு.

ஆஸ்திரேலியாவுக்குள் குடியேற்ற ஆலோசனை சொல்வதற்குப் பதிவு பெற்ற முகவராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். சென்னையிலும் கோவையிலும் இருக்கும் நம்மை அந்தக் கட்டுப்பாடு எட்டுவதில்லை. சேர்க்கைக்குப் பல்கலைக்கழகம் நமக்குக் கமிஷன் தருகிறது என்பதும் பெற்றோர் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டே பேசத் தொடங்குங்கள். பிறகு மாணவரின் புள்ளிகளை ஒரு தாளில் எழுதி, அன்றைய தேதியைப் போட்டு, "இன்றைய விதிப்படி" என்று குறித்து, கையெழுத்திட்டுக் கொடுங்கள்.