இலையில் ஒரு துண்டு மரவள்ளி

வார இறுதியில் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கேஎல் சென்ட்ரலில் ரயிலேறி, மாலையில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் வடையும் தே தாரேக்குமாகப் பொழுதைப் போக்கித் திரும்புகிற குடும்பங்கள் அநேகம். அந்த ஆனந்தத்தைக் குறைகூற நான் வரவில்லை; யுத்த காலத்தில் இதே மண்ணில் நம் முன்னோர் உண்டதையும் உண்ணாது கிடந்ததையும் அதே பயணத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

ரயிலேறுமுன் பக்கத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்தை எட்டிப் பார்க்கலாம். அவ்விடத்தில் முன்பு இருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் மீது, 1945 மார்ச்சில் நேசநாட்டு விமானங்களின் குண்டுகள் விழுந்தன.

கிள்ளானில் சொல்ல வேண்டியதோ மிகுதி. ஐரோப்பாவில் மூண்ட யுத்தத்தால் ரப்பருக்குக் கிராக்கி ஏறித் தோட்ட முதலாளிகளின் லாபம் பெருகியும், பால்மரம் சீவிய தமிழனின் நாட்கூலி சீனத் தொழிலாளியின் கூலிக்குத் தாழ்ந்தே கிடந்தபடியால், ஜப்பானியர் வருமுன்பே, 1941-ல், இவ்வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சமகூலி, கல்வி, வைத்திய வசதி, வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயத்தின் ஒழிப்பு ஆகியவற்றோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கை. நாதன் கைதானதும் கிளர்ச்சி மேலும் பரவ, சர்க்கார் பட்டாளத்தை ஏவியது. சுடப்பட்டு மடிந்தவர்களும் உண்டு. இன்று கள்ளைச் சுவைக்க விரும்புகிறவர் சுவைக்கட்டும். அந்தக் கடைகளை மூடச் சொன்ன ஏழைகளின் சரித்திரத்தை அறிந்து சுவைக்கட்டும்.

1942 ஜனவரி 11-ல் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அருகி, ரேஷன் சுருங்கி, மரவள்ளிக்கிழங்கே ஜனங்களின் ஆகாரமாயிற்று. வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு கட்டுக்கட்டாக இருந்தும், வாங்குவதற்கு அரிசி இல்லை. எத்தேசங்கள் நமக்கு அரிசி அனுப்பினவோ, அதே சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுபோகப்பட்டுக் காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மாண்டார்கள். ஒரு பானைச் சோற்றின் அருமையை இதைவிடக் கொடூரமாக எந்தத் தலைமுறையும் கற்றிருக்கமாட்டாது.

ஆகையால் உணவகம் நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சனி, ஞாயிறுகளிலாவது, வாழையிலையில் சோற்றுக்குப் பக்கத்தில், உப்பும் தேங்காய்த் துருவலும் மாத்திரம் சேர்த்த அவித்த மரவள்ளி ஒரு துண்டு வையுங்கள். இது எதற்கு என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். கண்ணால் கண்டு பதில் சொல்லக்கூடியவர்கள் எண்பதைக் கடந்து தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அடுத்த சனிக்கிழமையே அவர்களையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.