கடைசல் என்னும் சொல்

முதிரையின் மஞ்சளும் கருங்காலியின் கருமையும் மாறிமாறி வர, துண்டுகளை ஒட்டிக் கடைந்த பூச்சாடியை என் தேற்றாத்தீவு மாணவர் 'லேத் வேலை' என்கின்றனர். 'கடைசற்கால் கட்டில்' என்று தச்சர் வழங்கும் சொல் இருக்க, இஃது ஏன்? தயிர் கடைதலும் மரம் கடைதலும் ஒரே வினை. பண்டைக் கடைசற்பொறியும் மத்தைப் போலவே கயிற்றால் முன்னும் பின்னும் சுழன்றது. எருமைத்தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பில் இதனை விளக்கப் பண்டிதரும் வேண்டுமோ!

அச்சாடியின் வளையம் ஒவ்வொன்றிலும் 12 துண்டுகள். துண்டின் இரு முனையும் 15 பாகைச் சரிவு. முனைதோறும் அரைப்பாகை குறைந்தால், 24 முனைகளிலும் சேர்ந்து 12 பாகை வெளி விழும். கீழ்வளையப் பொருத்தின்மேல் மேல்வளையத் துண்டின் நடு அமையுமாறு, செங்கற்கட்டுப்போல் அடுக்கி ஒட்டிய பின்னரே கடைசல். இத்துணைக் கணக்கறிந்த கை தன் தொழிலின் பெயரை அறியாதிருப்பது தகுமா? பொறிக்கு லேத் என்னும் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். தொழிலைக் கடைசல் என்றே பாடநூலார் அச்சிடுக.