கரண்ட் வைக்கிற நாளும், கையெழுத்து வர்ற நாளும்

மூணு வாரமா இந்தப் பக்கம் வரல. நாத்து விட்டாச்சான்னு கேட்டவங்களுக்கு: விட்டாச்சு, பக்கத்து வீட்டு அண்ணன்தான் தண்ணி பாத்துக்கிறாரு. நான் பெரியப்பாவோட ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருந்தேன். அதைப் பத்தித்தான் இன்னைக்கி.

பெரியப்பாவுக்கு 68 வயசு. நாப்பது வருசம் வெத்தலை, பொகையிலை. கன்னத்துக்குள்ள புண்ணு வந்து, ஆறாம, கடைசியில வாய்ப்புற்றுன்னு சொன்னாங்க. ஆபரேசன் முடிஞ்சது. அப்புறம் 33 நாள் கரண்ட் வைக்கணும், கூடவே வாரம் ஒரு கீமோ. இதோட இருபது வருசத்து சர்க்கரை, ப்ரஷர். கிட்னியும் கொஞ்சம் பலவீனம்.

அண்ணன் வேலை பாக்குற கம்பெனியில அப்பா அம்மாவையும் சேத்து இன்சூரன்ஸ் போட்டிருக்காங்க. காசு கட்ட வேணாம், ஆஸ்பத்திரியே முன்கூட்டி எழுதி அனுமதி வாங்கிக்கும். ஆபரேசனுக்கு காலையில அனுப்பினாங்க, மத்தியானம் வந்துருச்சு. கீமோவுக்கு முதல்ல சிஸ்பிளாட்டின்னு ஒரு மருந்து எழுதியிருந்தாங்க. அதுக்கும் வந்தது.

மூணாவது வாரம் ரத்தம் எடுத்தா கிரியாட்டினின் ஏறியிருக்கு. சிஸ்பிளாட்டின் கிட்னிய அடிக்கிற மருந்து. டாக்டரம்மா சொன்னாங்க, "இனிமே இது வேணாம், கார்போபிளாட்டின் மாத்திடுறேன்." சொல்லி எழுதிக் கொடுக்க அவங்களுக்கு அஞ்சு நிமிசம் ஆகியிருக்கும். கீழ இன்சூரன்ஸ் கவுண்டர்ல, "மருந்து மாறினா புது அனுமதி வாங்கணும் சார்"ன்னாங்க. சரி, வாங்குங்கன்னு உக்காந்தோம்.

திங்கக்கிழமை அனுப்பினது. சாயங்காலம் ஒரு கேள்வி வந்தது: முதல்ல கேட்ட மருந்தை ஏன் நிறுத்துறீங்க? ரத்த ரிப்போர்ட்டை அப்பவே வச்சுத்தான் அனுப்பியிருந்தாங்க, திரும்பவும் அனுப்பினாங்க. புதன்கிழமை அடுத்தது: சர்க்கரை எத்தனை வருசமா இருக்கு, சேரும்போது சொன்னீங்களா? அண்ணன் கம்பெனி பாலிசியில பழைய வியாதிக்கும் முதல் நாள்லேருந்தே உண்டு. அப்புறம் எதுக்கு இந்தக் கேள்வின்னு கவுண்டர்ல இருந்த பொண்ணுக்கும் தெரியல. வெள்ளிக்கிழமை, கிட்னி டாக்டர் கடுதாசி வேணும்னாங்க. அவரு சனிக்கிழமைதான் வருவாரு. அனுமதி வந்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. அந்த வாரத்து கீமோ போச்சு.

"கையில காசு கட்டியிருக்கலாமே"ன்னு நீங்க கேப்பீங்க. அந்த மருந்து எங்களுக்கு ரெண்டு மூட்டை நெல்லு விலைதான். ஆனா தினமும் "இன்னைக்கி வந்துரும், நாளைக்கி வந்துரும்"னே சொன்னாங்க. நாமளா காசு கட்டினா முழு ஃபைலும் சிக்கலாயிடும்னு வேற பயமுறுத்தினாங்க. நம்பி உக்காந்தோம். போன வாரத்து மருந்தை இந்த வாரம் சேத்துப் போடலாமான்னு பெரியம்மா கேட்டதுக்கு, டாக்டரம்மா தலையை மட்டும் ஆட்டினாங்க. இந்த வைத்தியத்துல நாள் கணக்குதான் முக்கியம்னு அவங்க முதல் நாளே சொல்லியிருந்தாங்க. கரண்ட் வைக்கிறது நடுவுல விட்டுப் போனா கட்டி திரும்ப தலைதூக்க இடம் கொடுத்த மாதிரி ஆயிடுமாம். நல்ல வேளை, அது நிக்கல.

சூல் கட்டுற நேரத்துல தண்ணி விடாம, பால் பிடிக்கிற நேரத்துல ரெண்டு மடங்கு விடுறேன்னு சொன்னா எந்த சம்சாரி ஒத்துக்குவான்?

முன் அனுமதியே வேணாம்னு நான் சொல்லல. தேவையில்லாத ஸ்கேனையும் தேவையில்லாத ஸ்டென்ட்டையும் தலையில கட்டுற இடங்கள் இருக்கு, கேள்வி கேக்க ஒரு ஆள் வேணும். ஆனா கேள்வி யாரைப் பாத்து கேக்குறோம்னு இருக்குல்ல? ஒரே வியாதிக்காரனுக்கு இந்த முறை சரியா ஓடுது. குடல்வால் ஆபரேசன்னா ஒரு சீட்டு, ஒரு பதில், முடிஞ்சது. மூணு வியாதி உள்ளவனுக்கு ஒண்ணு இன்னொண்ணை இழுக்கும், வைத்தியம் வாரா வாரம் மாறும். மாறும்போதெல்லாம் அவன் வரிசையில கடைசியில போய் நிக்கணும். அதிகமா நோவு உள்ளவனுக்கே அதிகமா காத்திருப்பு.

2024 மே மாசம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கை போட்டுச்சு. காசில்லா வைத்தியத்துக்கு அனுமதி கேட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லணும், வீட்டுக்கு அனுப்பும்போது மூணு மணி நேரத்துக்குள்ள சொல்லணும்னு. நல்ல விதி. ஆனா நான் பாத்தவரைக்கும், ஒரு கேள்வியை திருப்பி அனுப்பிட்டா அதையே பதில்னு வச்சுக்கிறாங்க. கேள்வி எல்லாத்தையும் ஒரே தடவையில கேட்டு முடிக்கணும்னு எழுதினாலே பாதிப் பிரச்சினை தீரும். அப்புறம் இன்னொண்ணு. வியாதிக்கு அனுமதி கொடுத்தாச்சுன்னா, அதே வைத்தியத்துக்குள்ள கிட்னிக்காகவோ இருதயத்துக்காகவோ மருந்தை மாத்துற உரிமையை டாக்டர் கையில விடணும். கணக்கை அப்புறம் பாத்துக்கலாம். தப்பு நடந்திருந்தா ஆஸ்பத்திரிகிட்ட பிடிச்சுக்கட்டும், படுத்திருக்கிறவர்கிட்ட இல்ல.

புகார் கொடுக்கலாமேன்னு மச்சான் சொன்னாரு. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் ஆபீஸ் சென்னையில இருக்கு. முதல்ல கம்பெனிக்கு எழுதணும், ஒரு மாசம் பதில் இல்லைன்னாதான் அங்க போகலாம். வாரம் ஒரு கீமோ போடுற ஆளுக்கு ஒரு மாசம்!

அரசாங்க அட்டை இல்லையான்னும் சிலர் கேட்டாங்க. முதலமைச்சர் காப்பீட்டுக்கு குடும்ப வருமானம் வருசத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். அண்ணன் சம்பளத்தை சேத்தா தாண்டிடுது. 70 வயசு ஆனவங்களுக்கு வருமானம் பாக்காம கொடுக்குற ஆயுஷ்மான் அட்டை 2024 அக்டோபர்லேருந்து இருக்கு, பெரியப்பாவுக்கு ரெண்டு வயசு பத்தல. (இதை அவருகிட்ட சொன்னேன். "அப்ப ரெண்டு வருசம் கழிச்சு வந்துக்கலாம், வா வீட்டுக்குப் போவோம்"ங்கிறாரு.) வீட்டுல உங்களுக்கு யாராவது வயசானவங்க இருந்தா, நோவு வர்றதுக்கு முன்னாடியே எந்த அட்டைக்கு தகுதி இருக்குன்னு பாத்து வச்சுக்கங்க. பழைய சர்க்கரை ரிப்போர்ட், மாத்திரை சீட்டு எதையும் தூக்கிப் போடாதீங்க. எங்க பெரியம்மா ஒரு மஞ்சப்பையில 2009லேருந்து எல்லாத்தையும் வச்சிருந்தாங்க. ரெண்டாவது கேள்விக்கு அந்தப் பைதான் பதில் சொல்லுச்சு.

இன்னும் ஏழு கரண்ட் பாக்கி இருக்கு. பெரியப்பாவால கஞ்சி மட்டும்தான் குடிக்க முடியுது. நாளைக்கி காலையில ஆறரை பஸ்ஸு, நடவு பத்தி திரும்பி வந்து எழுதுறேன்.