இமயப் பயணமும் திரும்பும் நேரமும்

விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்ற செய்தி வந்த பிறகு, நம் இளைஞர்களின் பேச்சில் இமயம் முன்னைவிட அடிக்கடி இடம்பெறுவதாக எங்களுக்குத் தோன்றுகிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களும் இதற்கு விலக்கல்ல. எங்கள் வாசக வட்டத்து நண்பர்கள் சிலர், மணாலியை அடுத்துள்ள ஃப்ரெண்ட்ஷிப் சிகரத்துக்கு வழிகாட்டியுடன் சென்று ஏறிவரத் திட்டமிட்டு வருகிறார்கள். அச்சிகரத்தின் உயரம் 5,289 மீட்டர்.

அவர்கள் வரைந்து வைத்திருக்கும் திட்டத்தாள் ஒழுங்கானது. டில்லிக்கு ரயில், அங்கிருந்து மணாலிக்குப் பேருந்து, வாடகைக்கு எடுக்க வேண்டிய பனிக்காலணியும் பனிக்கோடரியும், ஆளுக்கு ஆகும் தொகை, உச்சியை அடையும் தேதி என எல்லாமே நாள்வாரியாக அதில் உண்டு. இல்லாதவை இரண்டு. உடம்போ வானமோ ஒத்துழைக்காவிட்டால் காத்திருப்பதற்கான உபரி நாள்கள் ஒன்று. எந்த நேரத்தில், யார் சொல்லைக் கேட்டுத் திரும்புவது என்ற உடன்பாடு மற்றொன்று. இவ்விரண்டும் இல்லாத திட்டத்தோடு எவரும் இமயத்துக்குப் புறப்படலாகாது என்பது எங்கள் கருத்து. நண்பர்களிடம் நேரில் சொன்னதையே இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

நாம் வாழும் நிலத்தின் இயல்பை முதலில் எண்ணிப் பார்ப்போம். சங்கராபரணி கடலைச் சேரப் போகும் வழியில் இருப்பது வில்லியனூர். தென்பெண்ணையின் நீரைப் பங்காரு வாய்க்கால் வழியாகப் பெறும் பெரிய ஏரியை நம்பியிருப்பது பாகூர். கடல்மட்டத்தைவிடச் சில மீட்டர்களே உயர்ந்த மண் இது. குன்று ஏறிப் பழக வேண்டுமானால் செஞ்சிக்குப் போக வேண்டும். அங்குள்ள ராஜகிரியும் ஏறக்குறைய 240 மீட்டர்தான். இதில் குறையொன்றும் இல்லை. நாற்றுமுடி சுமந்து வரப்பில் நடந்தவனின் கால்களுக்கும், ஏரிக்கரையில் தினமும் ஓடுபவனின் மூச்சுக்கும் வலு உண்டு. ஆனால் உயரம் சோதிப்பது கால்வலுவை மட்டுமன்று.

5,300 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. காற்றில் பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை; ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் அளவு பாதிதான். இதற்கு உடம்பு தன்னைப் பழக்கிக்கொள்ளும். மூச்சு ஆழமாகும், சிறுநீர் மிகும், மெல்ல மெல்ல இரத்தத்தில் செவ்வணுக்கள் கூடும். ஆனால் இவை நிகழ நாள்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துவது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குவது என்பதே மருத்துவர்கள் வகுத்துள்ள பொதுவிதி. தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை முதல் எச்சரிக்கைகள். அவற்றைப் பொருட்படுத்தாமல் மேலே ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும். சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடும். உடனே கீழே இறங்குவதே முதன்மையான சிகிச்சை. இந்நோய்க்கு இளமையோ உடற்பயிற்சியோ காப்பு ஆவதில்லை. சொல்லப்போனால் நல்ல உடற்கட்டுள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதாலேயே அதற்கு எளிதில் இரையாவதும் உண்டு.

இந்தக் கணக்கை ஃப்ரெண்ட்ஷிப் சிகரத்தோடு பொருத்திப் பார்க்கலாம். மணாலி சுமார் 2,050 மீட்டர். உச்சிக்குப் புறப்படும் கடைசி முகாம் பொதுவாக 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே அமைகிறது. அங்கிருந்து நள்ளிரவில் கிளம்பி, ஒரே மூச்சில் 1,300 மீட்டருக்கு மேல் பனியில் ஏறி, அதே பகலில் இறங்கவும் வேண்டும். ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்லும் பயணத்திட்டங்களில் நெருக்கப்படுவது இடையிலுள்ள இரவுகள்தான். விடுமுறை குறைவு, ரயில் சீட்டு உறுதியாகிவிட்டது என்று நாமும் அதற்கு உடன்படுகிறோம். இரவுகளைக் குறைத்து மிச்சப்படுத்தும் பணம் நம்முடையதுதான். ஆனால் அதன் விலையைக் கொடுப்பது உடம்பு.

‘வழிகாட்டி இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்வார்’ என்பது நண்பர்களின் பதில். வழிகாட்டியின் அனுபவத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பணம் கொடுத்து உச்சியைக் கேட்கும் ஒருவரை உச்சிக்கருகில் நிறுத்தித் திருப்புவது எவ்வளவு கடினம் என்பதற்கு 1996 மே மாத எவரெஸ்ட் துயரமே சான்று. நியூசிலாந்தைச் சேர்ந்த ராப் ஹால் தேர்ந்த வழிகாட்டி. 1995இல் டக் ஹான்சன் என்ற வாடிக்கையாளரை, நேரம் கடந்துவிட்டதென்று உச்சிக்கு மிக அருகிலிருந்து திருப்பி அழைத்து வந்தவர் அவர்தான். மறு ஆண்டு ஹான்சன் மீண்டும் வந்தார். பிற்பகல் 2 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற வரையறை இருந்தும், ஹான்சன் உச்சியைத் தொட்டபோது மணி 4ஐக் கடந்திருந்தது. ஹால் அவருக்காகக் காத்திருந்தார். புயலில் இருவரும் மாண்டனர். மே 10, 11 ஆகிய இரு நாள்களில் அம்மலையில் இறந்தவர்கள் 8 பேர். அவர்களுள் மூவர் வடக்குப் பக்கமாக ஏறிய இந்திய-திபெத் எல்லைக் காவல் படையினர். நேரம் தவறுவதன் பொருள் என்ன என்பதை அறியாதவர் எவரும் அங்கே இல்லை. முந்தைய ஆண்டு திரும்பிய ஏமாற்றம் ஒருவரையும், அவரை மீண்டும் ஏமாற்ற மனமில்லாமை மற்றவரையும் அங்கேயே நிறுத்திவிட்டன என்றே நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

அது 8,000 மீட்டர் மலை, நமக்குப் பொருந்தாது என்று தள்ளவும் முடியாது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டில் 5,670 மீட்டர் உயரமுள்ள திரௌபதி கா டாண்டா-2 சிகரத்தில், நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு பனிச்சரிவில் சிக்கியது. அப்போது 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. அதே ஆண்டில் எவரெஸ்ட் ஏறியிருந்த பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் இறந்தவர்களுள் ஒருவர். 2024 ஜூனில், அதே உத்தரகாசி மாவட்டத்தின் சஹஸ்திர தால் பாதையில், கர்நாடகத்திலிருந்து சென்ற மலைநடைக் குழுவினர் 9 பேர் பனிப்புயலில் உயிரிழந்தனர். இவ்விரு குழுக்களுடனும் வழி அறிந்தவர்கள் இருந்தார்கள். வழிகாட்டியால் ஆபத்தைக் குறைக்க முடியும், நீக்க முடியாது என்பதைப் புறப்படும் முன்பே ஒப்புக்கொள்வது நல்லது.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் தனியாக ஓர் அக்கறை உண்டு. தமிழ் மரபில் இமயம் பெரும்பாலும் வெற்றியின் அடையாளம். இமயவரம்பன் என்ற பட்டத்தைச் சேரன் சூடினான். கரிகாலன் இமயத்தில் புலியைப் பொறித்தான் என்கிறது பழங்கதை. செங்குட்டுவன் கண்ணகி படிமத்துக்கான கல்லை அங்கிருந்து கொணர்ந்தான் என்கிறது சிலப்பதிகாரம். கொடி நாட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் இன்றைய ஆசைக்கு இவர்களே முன்னோர் எனலாம். ஆயினும் பெரியபுராணத்தில் கயிலைப் பயணங்கள் வேறு விதமாக வருகின்றன. நம் புதுச்சேரி மாநிலத்துக் காரைக்காலைச் சேர்ந்த அம்மையார், கால் பதிக்கலாகாதென்று தலையாலே நடந்து கயிலையை அடைந்தார். அப்பரோ அடையவில்லை. கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, உடம்பு முற்றும் ஓய்ந்த நிலையிலும் திரும்ப மறுத்தவர் அவர். அவரை ஒரு பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழச் செய்து, கயிலைக் காட்சியை அங்கேயே காட்டினார் இறைவன். ஆடி அமாவாசையில் திருவையாறு கொண்டாடுவது இந்தத் திரும்புதலைத்தான். அடைந்த அம்மையாரையும் அடையாமல் திரும்பிய அப்பரையும் ஒரே வரிசையில் வைத்துத் தொழுதது இம்மரபு. அவரைத் தோற்றவர் என்று ஒருவரும் சொன்னதில்லை.

நம் ஊர்களில் இன்று நிலைமை வேறு. பையன் ரயில் ஏறும் முன்பே, பனிமலைப் படத்தோடு அவன் முகத்தையும் சேர்த்து நாற்சந்தியில் பதாகை வைத்துவிடுகிறோம். நன்கொடை திரட்டியிருந்தால் கொடுத்தவர்களின் பெயர்களும் அதில் இருக்கும். இத்தனை பேரின் வாழ்த்தையும் சுமந்துகொண்டு நள்ளிரவில் பனிச்சரிவில் நிற்கும் ஒருவன், தலை வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வானா? திரும்புவதற்கு வெட்கப்பட வைப்பது மலையன்று, நாம்தான்.

அவன் திரும்ப மறுக்கும்போது ஆபத்து அவனோடு நிற்பதில்லை. சுமை தூக்குபவரும் சமையல் செய்பவரும் கயிறு கட்டுபவரும் உடன் இழுத்துச் செல்லப்படுகிறார்கள். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனியருவியில் இறந்த 16 பேரும் பிறர் ஏறுவதற்காக உழைத்துக்கொண்டிருந்த நேபாளத் தொழிலாளர்கள். மலைக்கும் தாங்கும் அளவு ஒன்று உண்டு. லடாக்கில் 6,153 மீட்டர் உயர ஸ்டோக் காங்ரி, பெருங்கூட்டம் ஏறிய சிகரம். பனியாறு சுருங்குவதையும், ஸ்டோக் ஊருக்கு வரும் ஓடைநீர் கெடுவதையும் கண்டு, 2020 முதல் ஏற்றத்தை நிறுத்தினார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வராத வருத்தத்தை அறிந்த பாகூர் உழவருக்கு இம்முடிவின் நியாயத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

எனவே திட்டத்தாளைத் திருத்தி எழுத வேண்டும் என்கிறோம். உயர முகாம்களின் இரவுகளை முதலில் எண்ணி, அதற்கேற்ப விடுப்பையும் ரயிலையும் அமைக்க வேண்டும். குறைந்தது இரண்டு உபரி நாள்களாவது வேண்டும். முதல் ஆண்டு பனிக்கயிறு தேவையற்ற ஒரு மலைநடையோடு நின்று, தன் உடம்பு உயரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று அறிந்து வரலாம். முறையாகக் கற்க விரும்புவோருக்கு மணாலியில் 1961 முதலும், உத்தரகாசியில் 1965 முதலும் அரசுப் பயிற்சி நிறுவனங்கள் உள்ளன. வழிகாட்டும் நிறுவனத்திடம் கட்டணத்தைக் கேட்கும்போதே, முதலுதவி அறிந்தவர் எத்தனை பேர், சுமை தூக்குவோருக்குக் காப்பீடும் கம்பளி உடையும் உண்டா, ஒருவர் நோயுற்றால் அவரோடு கீழிறங்குவது யார் என்றும் கேட்க வேண்டும். உச்சி நாளில் திரும்பும் மணியை இங்கேயே எழுதி, எல்லோரும் கையொப்பமிட வேண்டும். வழிகாட்டி ‘போதும்’ என்றால் மறுபேச்சு இல்லை. குழுவில் யாரேனும் ஒருவர் ‘முடியவில்லை’ என்றாலும் அவரிடம் காரணம் கேட்பதில்லை. அந்தத் தாளின் ஒரு படி வீட்டாரிடமும் இருக்கட்டும்.

நண்பர்கள் போய்வர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். சமவெளியில் பிறந்தவன் பனிமலையைக் காண்பது பேறுதான். ஊராரிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அவர்கள் திரும்பி வரும்போது ‘உச்சிக்குப் போனாயா?’ என்பதை முதல் கேள்வியாகக் கேட்க வேண்டாம். என்ன கண்டார்கள், யாரோடு நடந்தார்கள், எந்த இடத்தில் என்ன எண்ணித் திரும்பினார்கள் என்று கேட்போம். பதாகை வைத்தே ஆக வேண்டுமென்றால், அவர்கள் வில்லியனூர் வந்து இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். அதில் மீட்டர் கணக்கு எதுவும் இருக்கத் தேவையில்லை.