காருக்குத் தனி ஜிபிஎஸ் வாங்கணுமா, கையில் இருக்கும் போனே போதுமா? பட்ஜெட்டில் என்ன செய்யலாம்?

செகண்ட் ஹேண்ட் காரோ, புது காரின் பேஸ் மாடலோ வாங்கிவிட்டு சீட் கவர் போட ஆக்சசரீஸ் கடைக்குப் போனால் அடுத்து வரும் கேள்வி இதுதான்: "சார், ஜிபிஎஸ் வச்ச ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ இருக்கு, போட்டுடலாமா?" ஆன்லைனில் 'கார் ஜிபிஎஸ்' என்று தேடினால் ஒரே பெயரில் பத்து விதமான பொருட்கள் வந்து நிற்கின்றன. இதற்கு நடுவில், 2025 அக்டோபரில் மத்திய ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் உள்நாட்டு ஆப்பான மேப்பிள்ஸைக் காரில் பயன்படுத்திக் காட்டிய வீடியோவுக்குப் பிறகு, 'கூகுளா, மேப்பிள்ஸா' என்ற விவாதம் வேறு.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். நம்மில் பெரும்பாலானவர்கள் வாங்க வேண்டியது ஜிபிஎஸ் கருவியே இல்லை. ஒரு நல்ல ஹோல்டரும் ஒரு நல்ல சார்ஜரும்தான். ஏன் என்று பார்ப்போம்.

சாட்டிலைட் வேலை எப்போதோ முடிந்துவிட்டது

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் உங்கள் காரைப் பார்ப்பதில்லை. தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ரேடியோ சிக்னலாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போட்டு, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கண்டுபிடிப்பது உங்கள் கையில் இருக்கும் கருவிதான். இதற்குக் கட்டணம் கிடையாது. டேட்டாவும் தேவையில்லை. 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அது நிறுத்தப்பட்ட பிறகுதான் கார் நேவிகேஷன் சந்தையே சூடுபிடித்தது. இன்று திறந்தவெளியில் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லிவிடும். அதுவும் அமெரிக்காவின் ஜிபிஎஸ் மட்டுமல்ல, ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என்று எல்லாவற்றையும் சேர்த்தே கேட்கிறது.

அப்போ நம்ம நேவிக்? இஸ்ரோவின் நேவிக் வரிசையில் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையில் போனது. இடையில் இறக்குமதி செய்யப்பட்ட அணுக் கடிகாரங்கள் பழுதாகி சிக்கல் வந்தது. இந்தியாவில் தயாரான அணுக் கடிகாரத்துடன் 2023 மே மாதம் என்விஎஸ்-01 ஏவப்பட்டது. 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02, வால்வு கோளாறால் திட்டமிட்ட சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன கணக்கின்படி, இருப்பிடம் காட்டும் பணியில் இருந்தவை 4 மட்டுமே. அதாவது, குறைந்தபட்சத் தேவை எவ்வளவோ அவ்வளவுதான். போனில் நேவிக் வசதி இருந்தால் நல்லது. ஆனால் பெட்டியில் 'நேவிக்' ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க இப்போதைக்குக் காரணம் எதுவும் இல்லை.

பிறகு எங்கே தப்பு நடக்கிறது?

இடத்தைக் கண்டுபிடிப்பதில் அல்ல, மேப்பில். 2024 நவம்பர் 24 அன்று உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே ராம்கங்கா ஆற்றுப் பாலத்திலிருந்து கார் விழுந்து 3 பேர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே வெள்ளத்தில் போய்விட்டிருந்தது. அந்தக் காரின் இருப்பிடத்தை ஜிபிஎஸ் சரியாகவே சொல்லியிருக்கும். சாலை அதற்குமேல் இல்லை என்பதுதான் யாருக்கும் தெரிவிக்கப்படவில்லை. வழக்கில் பொதுப்பணித் துறை இன்ஜினீயர்களோடு, பெயர் குறிப்பிடாமல் கூகுள் மேப்ஸ் அதிகாரி ஒருவரும் சேர்க்கப்பட்டார். இதே காரில் அரை லட்ச ரூபாய்க்குத் தனிக் கருவி மாட்டியிருந்தாலும், அதன் மேப்பில் இந்தத் தகவல் ஏறாத வரை அதுவும் அந்தப் பாலத்தையே காட்டியிருக்கும்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் குறுக்கு வழி, கல்லட்டி மலைப்பாதை. 36 கொண்டை ஊசி வளைவுகள், கடும் சரிவு. 2018-ல் நடந்த கோர விபத்துக்குப் பிறகு, வெளியூர் வாகனங்கள் அந்த வழியாகக் கீழே இறங்கத் தடை. ஏறலாம், இறங்கக் கூடாது. 'தூரம் குறைவு' என்பதை மட்டும் பார்க்கும் மேப்புக்கு இது எவ்வளவு வசீகரமான பாதை என்று யோசித்துப் பாருங்கள்! கூடலூரிலிருந்து மைசூரு போகும் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்பட்டிருக்கும். இதெல்லாம் கருவியின் விலையோடு சம்பந்தப்பட்டதல்ல. மேப் எவ்வளவு அடிக்கடி திருத்தப்படுகிறது என்பதோடு சம்பந்தப்பட்டது.

நகரத்துக்குள் வேறு பிரச்சினை. நீங்கள் மேம்பாலத்தின் மேலே போகிறீர்களா, கீழே சர்வீஸ் ரோட்டில் போகிறீர்களா? உயரத்தைக் கணிப்பதில் ஜிபிஎஸ் கொஞ்சம் வீக். அதனால்தான் 'ஏறு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஏறிய பிறகு 'யூ டர்ன் எடு' என்று குரல் வரும். 2024 ஜூலையில் கூகுள் மேப்ஸ் இந்தியாவில் மேம்பால அறிவிப்பையும், குறுகிய தெருக்களில் காரை நுழைக்காத வசதியையும் கொண்டுவந்தது. இரண்டாவது வசதி முதலில் வந்த 8 நகரங்களில் சென்னையும் கோவையும் உண்டு. மேப்பிள்ஸ் பெரிய சந்திப்புகளைப் படமாகவே வரைந்து காட்டுகிறது. எந்த லேனில் நிற்பது என்ற குழப்பத்துக்கு இது உண்மையிலேயே உதவுகிறது. இரண்டுமே இலவசம். இரண்டையும் போனில் வைத்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

சரி, கடையில் எதைத் தவிர்ப்பது?

முதலில் பெயர்க் குழப்பம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பல 'கார் ஜிபிஎஸ்' கருவிகள் வழிகாட்டிகள் அல்ல, டிராக்கர்கள். வண்டி எங்கே நிற்கிறது என்று உங்கள் போனுக்குச் சொல்லும். உங்களுக்கு வழி சொல்லாது. திரை இல்லை, ஸ்பீக்கர் இல்லை, உள்ளே சிம் போடணும் என்றால் அது டிராக்கர்தான். டாக்ஸிகளில் கட்டாயமாக்கப்பட்ட ஏஐஎஸ்-140 கருவியும் இந்த வகைதான்.

கண்ணாடியில் ஒட்டவைக்கும் தனி நேவிகேட்டர்கள் 2010 வாக்கில் நல்ல பொருட்கள். இன்று பழையதை யாராவது குறைந்த விலைக்குத் தந்தால், மேப் அப்டேட் இன்னும் வருகிறதா என்று கேளுங்கள். வராதென்றால் எத்தனை மலிவானாலும் வேண்டாம். புது பைபாஸ்களைத் தெரியாத மேப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதிகம் பேர் பணத்தை விடுவது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவில். தப்பான பொருள் என்று சொல்ல மாட்டேன். பாட்டு, ரிவர்ஸ் கேமரா எல்லாம் ஒரே திரையில் கிடைக்கும். ஆனால் நேவிகேஷனுக்காக மட்டும் வாங்குவதென்றால் யோசிக்கணும். மலிவு மாடல்களில் பலவற்றில் சிம் கிடையாது. போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுக்கணும். அப்புறம் போனே செய்யும் வேலையை அது மெதுவாகச் செய்யும். ராம், ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்று செட்டிங்ஸில் காட்டும் எண்களையும் அப்படியே நம்ப முடியாது. ஜிபிஎஸ் ஆன்டெனா தனி ஒயராக வரும். அதை டாஷ்போர்டு உள்ளே உலோகத்துக்குப் பின்னால் சொருகிவிட்டால் சிக்னல் தடுமாறும். முன்கண்ணாடி ஓரமாக, வானம் தெரியும் இடத்தில் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். திரை வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே உள்ள யூனிட்டைப் பாருங்கள். அதில் மேப் ஓடுவது உங்கள் போனில். போன் மாறினால் நேவிகேஷனும் தானாகப் புதுசாகிவிடும்.

திரை வேண்டாம் என்பவர்களுக்குச் சில நூறு ரூபாய் ஹோல்டர் போதும். வைக்கும் இடம் மட்டும் முக்கியம். மே மாத வெயிலில் முன்கண்ணாடியில் ஒட்டிய போன் சூடாகி, திரை மங்கி, சார்ஜ் ஏறுவதையும் நிறுத்திவிடும். ஐபோனை 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம்ம ஊரில் நடக்கிற காரியமா? ஏசி வென்ட்டில் மாட்டினால் காற்று குளிர்விக்கும், பார்வையும் சாலையை விட்டு அதிகம் விலகாது.

போலீஸ் பிடிப்பாங்களா என்ற சந்தேகத்துக்கு: வாகனம் ஓட்டும்போது போனை வழிகாட்டிக்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் அமலான மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் சொல்கிறது. ஹோல்டரில் இருந்தால் பிரச்சினை இல்லை. கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் ஆபத்தான ஓட்டுதலாகக் கணக்கிட்டு, முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதத்துக்குக் குறையாத சிறையோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில் இடமிருக்கிறது. போக வேண்டிய இடத்தைக் கிளம்பும் முன்பே டைப் செய்துவிடுங்கள்.

மலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் செய்யணும். வீட்டு வைஃபையிலேயே அந்தப் பகுதியின் ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டவர் போனாலும் நீலப் புள்ளி நகரும், வழியும் சொல்லும், டிராஃபிக் மட்டும் தெரியாது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேறு வேண்டும். அதையும் கிளம்பும் முன்பே எடுத்து ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள், செக்போஸ்ட் பக்கத்தில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.